அங்கீகரிக்கப்பட்ட அழுக்கு

எமில் ஹட்னாக் தன் அறுபத்தொன்பது வயதுவரை எந்த அரசாங்க அலுவலகத்துக்கும் கெடுதல் நினைத்தவரில்லை. உயர்நிலைப் பள்ளியின் கொதிகலன் அறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். கேட்ட தாளைக் கேட்ட இடத்தில் கொடுப்பார், கையெழுத்து கேட்டால் எங்கே என்று மட்டும் கேட்பார். அப்படிப்பட்டவரைத்தான் வாகனப் பாதுகாப்புச் சான்றுக் கழகம் பிடித்துக்கொண்டது. வம்பு பேசுகிறவர்கள் பக்கம் கழகம் போவதில்லை. அவர்களிடம் வக்கீல் இருப்பார்.

எல்லாம் ஒரு விளக்கில் தொடங்கியது. ஹட்னாக் வீட்டுக் காருக்கு இருபத்திரண்டு வயது, பட்டாணி சூப் நிறம். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் மனைவி பெர்னிஸ் என்பதால் பதிவுச் சீட்டில் அவள் பெயரும் இருந்தது. ஜனவரி முதல் வாரத்தில், பனி உருக மலைச்சாலையில் உப்புத் தூவிவிட்டுப் போன மறுநாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏ.பி.எஸ். என்று மஞ்சளாக ஒரு பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பிரேக் என்னவோ நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் அந்த விளக்கு எரிகிற காருக்குக் கழகம் வருடாந்திர ஸ்டிக்கர் ஒட்டாது. ஸ்டிக்கர் இல்லாத காரை மலையடிவாரத்தில் நிற்கும் போலீஸ்காரர் விடமாட்டார். ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம், இருபத்தெட்டு மைலில் இருந்தது.

பெர்னிஸின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நான்கு மணி நேரம் இயந்திரம்தான் அவள் இரத்தத்தைக் கழுவிக் கொடுத்தது. ஒரு முறை தவறினால் கால் வீங்கும் என்றார் டாக்டர். இரண்டு முறை அடுத்தடுத்துத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது பெர்னிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எமில்தான் முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை கழகத்துக்குப் போனார். விளக்கு எரிகிறது என்று எழுதிக்கொண்டு, அதை அணைத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதில் தவறு இல்லை என்றே எமிலுக்குத் தோன்றியது.

பக்கத்து வீட்டு சக் பெட்ரோஸ்கி ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். கார்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. ஒரு சின்னக் கருவியைக் காரில் செருகிப் பார்த்துவிட்டு வந்தான்.

"சென்சார்தான்யா. ஒவ்வொரு வீலுக்கும் ஒண்ணு இருக்கும். வீல் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பாத்துச் சொல்றதுதான் அதோட வேலை. அதுக்கு மூஞ்சியே காந்தம். இரும்புத்தூளும் துருவும் வந்து அப்பிக்கிச்சுன்னா கண்ணு தெரியாமப் போயிடும். உன்னுது இடது முன் வீல்."

"அங்க எங்க இருக்கும்?"

"வயரைப் பிடிச்சுக்கிட்டே போ. அதுவே கூட்டிட்டுப் போவும். போல்ட்டு துருப்பிடிச்சிருக்கும், எண்ணெய் விட்டுட்டு ஒரு காப்பி குடி. சென்சாரை நெம்பாத. மெதுவா ஆட்டி ஆட்டி எடு. நெம்புனா ஒடைஞ்சிடும், அப்புறம் என்னையத் திட்டாத."

வியாழனும் சனியும் ஆஸ்பத்திரிக்குச் சக்கின் லாரியில் போய் வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் எமில் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கினார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கராஜில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்த பெர்னிஸ், அவருக்கு யோசனை சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த முட்டுக்கட்டையை ஒழுங்கா வை. நீ நசுங்கிட்டா என்னைய யாரு ஓட்டிட்டுப் போவா? சக்கா? அவன் பாட்டு பாடிக்கிட்டே ஓட்டுறான்."

எமில் சக்கரத்தைக் கழற்றினார். கறுப்பு வயர் ஸ்பிரிங் ஓரமாக இறங்கி, பிரேக் தட்டுக்குப் பின்னால் ஒரு துளையில் போய் முடிந்தது. எண்ணெய் விட்டார். காப்பி குடித்தார். சக் சொன்னபடி ஆட்டி ஆட்டி இழுக்க, அரை மணி நேரத்தில் கட்டைவிரல் அளவு ஒரு சாமான் கையோடு வந்தது. அதன் முனையில் இரும்புத்தூள் தாடி முளைத்திருந்தது.

"அடப்பாவி, இவ்வளவுதானா?" என்றாள் பெர்னிஸ்.

"சின்ன பிரஷ் ஒண்ணு வேணும். என் பழைய டூத் பிரஷ் எங்க?"

"அது உன் தலை மாதிரி வழுக்கையாயிடுச்சு. என்னுதை எடுத்துக்கோ. செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக் கடையில வேற வாங்கிக்கிறேன்."

அவளுடையது ரோஸ் நிறப் பிடி போட்ட பிரஷ். எமில் அதை வைத்துச் சென்சாரின் முகத்தைத் தேய்த்து, ஒரு பழைய பனியன் துண்டால் துடைத்து, துளைக்குள் இருந்த துருவையும் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் இருந்தபடி மாட்டினார். இருவரும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். விளக்கு அணைந்துவிட்டது. பெர்னிஸ் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். வீட்டுக்கு வந்ததும் எமில் பனியன் துண்டை அடுப்பில் போட்டார். சட்டப்படி பார்த்தால் அவர் செய்த பெரிய குற்றம் அதுதான்.

திங்கள்கிழமை கழகத்தின் மூன்றாம் ஜன்னலில் ஆர்டிஸ் ஃபென்விக் என்ற அம்மாள் இருந்தார். இருபத்தாறு வருஷ வேலையில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாதவர் என்று அவருக்குக் கழகம் ஒரு கேடயம் கொடுத்திருந்தது. அது ஜன்னலில் வருகிறவர்களைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தது.

"புதன்கிழமை விளக்கு எரிஞ்சிருக்கே," என்றார்.

"இப்ப எரியல மேடம்."

"ஏன் எரியல?"

"சென்சாரைச் சுத்தம் பண்ணேன்."

"அது எங்க இருக்குன்னு யார் கண்டுபிடிச்சா?"

"நான்தான். வயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன்."

ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "மிஸ்டர் ஹட்னாக், கண்டுபிடிக்கிறது ஒரு பிரிவு. சுத்தம் பண்றது வேற பிரிவு. ரெண்டையும் ஒரே ஆள் பண்ணிட்டா யார் மேல யார் புகார் எழுதுறது?"

"விளக்கு அணைஞ்சிடுச்சே மேடம்."

"அதுதான் கவலையா இருக்கு. எரியற விளக்குன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும். காரணம் பதிவாகாம அணைஞ்ச விளக்கை நாங்க எங்க கொண்டுபோய் வைக்கிறது? சரி, அந்த அழுக்கு எங்க?"

"எந்த அழுக்கு?"

"நீங்க எடுத்ததாச் சொல்ற அழுக்கு."

"அடுப்புல போட்டுட்டேன்."

பக்கத்து ஜன்னல்களில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஆர்டிஸ் ஒரு நீல நிறப் படிவத்தை எடுத்து, 'விளக்கப்படாத நலம்' என்ற தலைப்பின் கீழ் எமிலின் பெயரை எழுதினார். காரைக் கழகத்தின் பின்முற்றத்தில் நிறுத்தச் சொன்னார். உபயோகித்த கருவிகள் எவை, அவை யாருக்குச் சொந்தம் என்று ஒரு வாக்குமூலம் கேட்டார். எமில் உண்மையைத் தவிர வேறு எழுதத் தெரியாதவர். ஜாக்கி தன்னுடையது, ஸ்பேனர் சக்குடையது, டூத் பிரஷ் மனைவி பெர்னிஸுடையது என்று எழுதினார். பிரஷ் காரிலேயே கிடந்ததால் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

"நாளைக்கு என் சம்சாரத்தை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும் மேடம்."

"அதுக்குத்தான் நோயாளிகள் வேன் இருக்கே."

"அது கார் இல்லாத வீட்டுக்குத்தான் வரும்னு சொல்றாங்க."

"ஆமா. உங்க வீட்டுக்குத்தான் கார் இருக்கே," என்று ஆர்டிஸ் ஆறுதலாகச் சொன்னார். "இங்க பத்திரமா இருக்கு."

அதன் பிறகு ஐந்து வாரம் பெர்னிஸை மலை தாண்டிக் கொண்டுபோனது சக்கின் லாரியும், தேவாலயத்துப் பெண்கள் போட்டுக்கொண்ட முறையும்தான். சக் இரவு வேலை முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் பாடிக்கொண்டே ஓட்டினான். தேவாலயத்துப் பெண்கள் பாடவில்லை, ஆனால் வளைவுகளில் ஜெபம் சொன்னார்கள். பெர்னிஸ் இரண்டையும் சகித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "என் பிரஷ்ஷைக் கேட்டியா?" என்று எமிலை ஒரு பிடி பிடிப்பாள். புது பிரஷ் வாங்கியிருந்தாள், ஆனாலும் கேட்பாள். "என்னதான் பண்றாங்க அதை வச்சு? எல்லாரும் ஆளுக்கு ஒரு நாள் பல் தேய்க்கிறாங்களா?"

பிப்ரவரி நடுவில் விசாரணை நடந்தது. கழகத்தின் இயக்குநர் பிரெஸ்டன் குவில் நேரிலேயே வந்தார். அவர் கோட்டில் நான்கு பதக்கங்கள் இருந்தன, நான்கும் அவர் கையெழுத்திட்ட உத்தரவின்படி அவருக்குக் கிடைத்தவை. எமிலும் சக்கும் தவிரப் பார்வையாளர் யாரும் இல்லாவிட்டாலும், அவர் மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"நாற்பது வருஷமா இந்த வளாகத்துக்குள்ள ஒரு விபத்துகூட நடந்ததில்ல. காரணம் என்ன? இங்க எந்த வண்டியும் ஓடுறதில்ல. இந்த நிலைமையை மாநிலம் பூராவும் கொண்டுவரணும்னுதான் நாங்க பாடுபடுறோம். ஆனா மிஸ்டர் ஹட்னாக் மாதிரி ஆளுங்க என்ன பண்றாங்க? ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு டூத் பிரஷ்ஷை வச்சுக்கிட்டு, அரை மணி நேரத்துல வண்டியைச் சரி பண்ணிடுறாங்க. எல்லாரும் இப்படியே பண்ணிட்டா என்ன ஆகும்? கண்டறியும் பிரிவுல எழுபது பேர் இருக்காங்க. சுத்தம் செய்யும் பிரிவுல தொண்ணூறு பேர். அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. பாதுகாப்புன்னா வண்டி பாதுகாப்பு மட்டும் இல்ல."

சக் எழுந்து, "சார், அந்தக் காரு இப்ப நல்லாத்தான ஓடுது?" என்று கேட்டான்.

"ஓடலாம்," என்றார் குவில் கனிவாக. "நல்லா ஓடுறதுக்கு அதுக்கு அதிகாரம் இல்ல."

தீர்ப்பு எளிமையாகத்தான் இருந்தது. கழகம் பழிவாங்குவதில்லை. அழுக்கு இருந்த இடத்தில் மறுபடி அழுக்கு வைக்கப்பட வேண்டும். விளக்கு எரிய வேண்டும். அதன் பின் கண்டறியும் பிரிவு கண்டறிய, சுத்தம் செய்யும் பிரிவு சுத்தம் செய்ய, விளக்கு முறைப்படி அணையும். அன்றே ஸ்டிக்கர் கிடைக்கும்.

எமிலுக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், கராஜில் கிடந்த பழைய மண்வெட்டியிலிருந்து துருவைச் சுரண்டி, பழப்பாகு பாட்டில் ஒன்றில் அடைத்து மறுநாள் கொண்டுவந்தார். ஆர்டிஸ் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மண்வெட்டித் துரு."

"துருன்னா துருதானே மேடம்."

"அப்படி ஆளாளுக்கு வீட்டிலேருந்து அழுக்கு கொண்டுவர ஆரம்பிச்சா இந்த ஆபீஸ் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு ஆர்டிஸ் வேறொரு படிவத்தை நீட்டினார். அங்கீகரிக்கப்பட்ட அழுக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது தலைநகரத்திலிருந்து முத்திரையிட்ட சீசாவில் வரும். மூன்று வாரம் ஆகும் என்றார்.

அது மூன்றாவது வாரத்தின் கடைசி நாள் வந்தது. கழகம் சொன்ன நாளில் ஒன்றைச் செய்ததாக எமிலின் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. 'அழுக்கு மீட்பு' மார்ச் இரண்டாம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்று கடிதம் வந்தது. பதிவுச் சீட்டில் பெயர் உள்ள அத்தனை பேரும் நேரில் வர வேண்டும், வராவிட்டால் விண்ணப்பம் முதலிலிருந்து தொடங்கும் என்று அடியில் இருந்தது.

"வியாழக்கிழமை உனக்கு மெஷின் இருக்கே," என்றார் எமில்.

"சனிக்கிழமை போனாப் போச்சு. ஒண்ணு தவறினா கால்தான வீங்கும்? எப்படியும் இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் டான்ஸ் ஆடப் போறதில்ல." பெர்னிஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்து மாட்டினாள். "வா, போயி உன் அழுக்கை வாங்கிட்டு வருவோம். சனிக்கிழமை நம்ம கார்லயே போலாம்."

பின்முற்றத்தில் பட்டாணி சூப் நிறக் கார் நான்கு சக்கரமும் கழற்றப்பட்டுக் கட்டைகளின் மேல் நின்றது. பெர்னிஸுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கண்டறியும் அலுவலர் ட்வெய்ன் ஃபோசெட் வெள்ளைக் கோட்டில் வந்தார். அவருக்குப் பார்க்கும் அதிகாரம் உண்டு, தொடும் அதிகாரம் கிடையாது. அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். சுத்தம் செய்யும் அலுவலர் லூ ஆன் கிரீலிக்குத் தொடும் அதிகாரம் உண்டு, பார்க்கும் அதிகாரம் கிடையாது; அதனால் அவர் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டினார்கள். இருவரும் பதினெட்டு வருஷமாக இப்படியே வேலை செய்கிறார்கள் என்று ஆர்டிஸ் பெருமையாகச் சொன்னார்.

"கையை உள்ள விடுங்க," என்றார் ஃபோசெட். "இன்னும் மேல. கொஞ்சம் இடது."

"யாருக்கு இடது? காருக்கா, எனக்கா?" என்று லூ ஆன் காரைப் பார்த்து நின்றபடி கேட்டார். கண்டறியும் பிரிவில் காருக்கு இடதுதான் இடது. சுத்தம் செய்யும் பிரிவில் எதிரே நிற்பவருக்கு இடதுதான் இடது. இதை முடிவுசெய்ய இயக்குநரைக் கூப்பிட வேண்டியிருந்தது. இயக்குநர் சாப்பிடப் போயிருந்தார்.

ஒரு மணிக்குப் பெர்னிஸின் காலணி இறுகிவிட்டது. எமில் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். இரண்டு மணிக்கு அவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"மேடம், இவளைக் கொஞ்சம் வீட்ல விட்டுட்டு வந்துடறேன்," என்று எமில் ஆர்டிஸிடம் கேட்டார்.

"தாராளமா," என்றார் ஆர்டிஸ். "ஆனா கூட்டு உரிமையாளர் எழுந்து போயிட்டா நடவடிக்கை ரத்தாயிடும். மறுபடி அழுக்கு வர மூணு வாரம் ஆகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உக்காரு எமில்," என்றாள் பெர்னிஸ். "இவ்வளவு நேரம் உக்காந்தாச்சு. இந்த அம்மா கண்ணைக் கட்டிக்கிட்டுத் தடவுறதைப் பாக்குறது பொழுதுபோக்காத்தான் இருக்கு."

நான்கு மணிக்கு, இயக்குநர் திரும்பி வந்து இடதை முடிவுசெய்ததும், சீசாவின் முத்திரை உடைக்கப்பட்டது. சீசாவில் வெள்ளை நிறத்தில் பவுடர் போல ஏதோ இருந்தது. ஊழியர்களின் உடல்நலம் கருதி அந்த அழுக்கை ஏழு முறை கழுவி, காய்ச்சி, சலித்து, அதில் இருந்த இரும்பை முழுதாக நீக்கிவிட்டிருந்தார்கள். லூ ஆன் அதைச் சென்சாரின் மூக்கில் பூசினார். அது நிற்காமல் உதிர்ந்தது. மறுபடி பூசினார். சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, முற்றத்தில் மூன்று சுற்று ஓட்டினார்கள். விளக்கு எரியவில்லை.

ஃபோசெட் நெடுநேரம் அந்த எரியாத விளக்கைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்: 'அழுக்கில் குறை இல்லை. விளக்கு ஒத்துழைக்க மறுக்கிறது.' நடவடிக்கை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வெள்ளி இரவு தொடங்கிய பனி சனி காலையில் முழங்கால் அளவு இருந்தது. சக் தன் லாரியில் பெர்னிஸையும் எமிலையும் ஏற்றிக்கொண்டு மலையில் பாதி ஏறினான். அதற்கு மேல் சக்கரங்கள் சுற்றினவே ஒழிய வண்டி நகரவில்லை. அவர்கள் திரும்பி இறங்கும்போது, சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிய கழகத்தின் வேன் ஒன்று அவர்களைத் தாண்டி நிதானமாக மேலே போனது. எமில் கீழே வந்ததும் கழகத்துக்குப் போன் செய்தார். அந்த வேன் மலைச்சாலை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறது, பொதுமக்களை ஏற்ற அதற்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் பாதை திறந்தவுடன் வருகிறோம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் திங்கள் காலை எட்டு மணிக்கு இடம் ஒதுக்கித் தந்தார்கள்.

ஞாயிறு முழுக்கப் பெர்னிஸ் நாற்காலியில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பதால் எமில் அவள் உதட்டை ஈரத்துணியால் தொட்டுத் தொட்டு எடுத்தார்.

திங்கள் காலை பாதை திறந்திருந்தது. சக் வாசலில் லாரியை நிறுத்தி ஹார்ன் அடித்தான். எமில் மண்டியிட்டு, வீங்கிய காலில் சாக்ஸை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வர்ற வழியில அந்த ஆபீஸ்ல நிறுத்தச் சொல்லு," என்றாள் பெர்னிஸ். "என் பிரஷ்ஷை நானே கேட்டு வாங்கிக்கிறேன். உனக்கு வாயே கிடையாது."

எமில் ஒரு காலை முடித்து அடுத்த காலைக் கையில் எடுத்தபோது அது கனத்தது. நிமிர்ந்து பார்த்தார். சக் இன்னும் இரண்டு தடவை ஹார்ன் அடித்தான்.

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் புரட்டி அடக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள். வளைவுகளில் ஜெபம் சொன்ன பெண்கள்தான் சமைத்திருந்தார்கள். எமில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். அடுத்த வாரம், சொன்னபடி நடக்கிற தன் பழக்கத்தை விடாமல், இறப்புச் சான்றிதழின் நகலைக் கழகத்தின் ஐந்தாம் ஜன்னலில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

ஜூன் மாதம் அழைப்பு வந்தது. போவதற்கு அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. வரச் சொன்னார்கள், போனார்.

பின்முற்றத்தில் காரின் மேல் பறவைகள் எச்சமிட்டிருந்தன. ஃபோசெட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். லூ ஆன் கண்ணைக் கட்டிக்கொண்டு சாவியைத் திருப்பினார். ஒரு விளக்கும் எரியவில்லை, எஞ்சினும் முனகவில்லை. மூன்று மாதம் நின்றதில் பாட்டரி செத்துப்போயிருந்தது. ஃபோசெட்டின் முகம் மெல்ல மலர்ந்தது. அவர் எழுதியதை ஆர்டிஸ் உரக்கப் படித்தார்.

"விளக்கு எரியவில்லை. காரணம், பாட்டரியில் உயிர் இல்லை. காரணம் பதிவாகிவிட்டது. தேர்ச்சி."

லூ ஆன் தடவித் தடவிக் கண்ணாடியின் மூலையைக் கண்டுபிடித்து ஸ்டிக்கரை ஒட்டினார். இயக்குநர் குவில் தன் அறை ஜன்னலிலிருந்து கையசைத்தார். எமிலின் கையைக் குலுக்கி, "இனிமே இந்த மாநிலத்துலயே பத்திரமான வண்டி இதுதான்," என்றார் ஃபோசெட். அது உண்மைதான். அந்தக் கார் இனி யார்மேலும் மோதப் போவதில்லை.

மூன்றாம் ஜன்னலில் எமில் கையெழுத்துகள் போட்டார். கடைசியாக ஆர்டிஸ் இழுப்பறையிலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்றை எடுத்தார். பிளாஸ்டிக்குக்குள் ரோஸ் நிறப் பிடி தெரிந்தது. எமில் கையை நீட்டினார். ஆர்டிஸ் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதோட உரிமையாளர் பெர்னிஸ் ஹட்னாக். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அவங்கதான் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்."

"அவ மார்ச்சுல செத்துட்டா மேடம். அஞ்சாம் ஜன்னல்ல சர்டிபிகேட் குடுத்தேன். ரசீது இருக்கு."

ஆர்டிஸ் திரையைப் பொறுமையாகப் பார்த்தார். அவர் கருணையற்றவர் இல்லை. அப்படி இருந்ததாக யாரும் புகார் எழுதியதில்லை. "அஞ்சாம் ஜன்னல்லேருந்து எங்களுக்கு எதுவும் வரலியே. எங்க பிரிவுல அவங்க இருக்காங்க."

எமில் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இருக்காளா?"

"இருக்காங்க. நீங்களே பாருங்க." ஆர்டிஸ் திரையை அவர் பக்கம் திருப்பினார். பெர்னிஸ் எம். ஹட்னாக், கூட்டு உரிமையாளர் என்று இருந்தது. அதற்கு எதிரே பச்சை நிறத்தில், நடப்பில் உள்ளார் என்று இருந்தது. எமில் அதை இரண்டு தடவை படித்தார்.

"நீங்க அஞ்சாம் ஜன்னல்ல போயி ஒரு நினைவூட்டல் எழுதிக் குடுங்க. ரெண்டு வாரத்துல அவங்களை இங்கேருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் வாரிசுன்னு நீங்க கையெழுத்துப் போட்டு பிரஷ்ஷை வாங்கிட்டுப் போலாம்."

"எடுத்துடுவாங்களா?"

"கண்டிப்பா எடுத்துடுவாங்க. அதுல தாமதமே இருக்காது."

எமில் உறைக்குள் இருந்த ரோஸ் நிறப் பிடியைப் பார்த்தார். இழைகளில் இன்னும் கொஞ்சம் துரு ஒட்டியிருந்தது. கழகம் ஐந்து மாதமாகத் தேடிய அழுக்கு அந்த இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லி இனி ஆவதும் ஒன்றுமில்லை.

"வேண்டாம் மேடம்," என்றார். "பிரஷ் இங்கயே இருக்கட்டும்."

"அப்ப அவங்களையே ஒரு நாள் வந்து வாங்கிக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் உறையை உள்ளே வைத்துப் பூட்டி, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

"சொல்றேன் மேடம்," என்றார் எமில்.